கணக்கில் வராத ஷாம்பு உறை

அன்புள்ள யாழினிக்கு,

பிளாஸ்டிக் மாசு பற்றிய கொள்கை ஆய்வில் எட்டு வாரப் பயிற்சிக்குச் சென்னையில் உனக்கு இடம் கிடைத்த சேதியைத் தம்பி போனில் சொன்னான். முதல் நாளே ஒரு கட்டு அறிக்கைகளைக் கையில் கொடுத்துச் சுருக்கம் எழுதச் சொல்லிவிட்டார்களாமே! முப்பது வருஷம் நகராட்சிச் சுகாதார ஆய்வாளராகக் குப்பையோடு புழங்கிய பெரியப்பாவுக்கு இதைவிட நல்ல சேதி வேறில்லை. அந்தப் புழக்கத்தில் தேறியதைத்தான் இந்தக் கடிதம் உனக்குச் சொல்லப் பார்க்கிறது.

முதலில் எண்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆண்டறிக்கைப்படி 2020-21-இல் இந்தியாவில் உண்டான பிளாஸ்டிக் கழிவு ஏறத்தாழ 41 லட்சம் டன். 2024 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையோ, 2020-இல் இந்தியாவில் வெளியில் சிதறியதும் திறந்தவெளியில் எரிந்ததும் மட்டுமே 93 லட்சம் டன் என்கிறது. உலகிலேயே அதுதான் முதலிடம். உண்டானதைவிடச் சிதறியதும் எரிந்ததும் இரண்டு மடங்குக்கு மேல்!

இரண்டில் ஒன்று பொய் என்று உடனே எழுதிவிடாதே. காரணத்தை அந்தக் கட்டுரையே சொல்கிறது: அரசுக் கணக்கில் கிராமங்கள் இல்லை, அள்ளாமல் கொளுத்தப்படும் குப்பை இல்லை, குப்பை பொறுக்குகிறவர்கள் எடுத்துப் போய் மறுசுழற்சிக்கு விற்பதும் இல்லை. லீட்ஸ் கணக்கும் தராசில் நிறுத்ததல்ல. 50,000-க்கு மேற்பட்ட நகராட்சிப் பகுதிகளுக்குக் கணினியில் மாதிரி கட்டிப் போட்டது. ஆகவே எந்த எண் கைக்கு வந்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எண்ணியவர் எதை விட்டுவிட்டார்?

நகராட்சியிலிருந்து மேலே போகும் எண் எப்படிப் பிறக்கிறது என்பதையும் தெரிந்துகொள். எடைமேடை இல்லாத ஊரில் லாரி எத்தனை நடை அடித்தது என்பதே எடை. ஐப்பசி மழையில் ஊறிக் கனத்த குப்பைக்கும் அதே கணக்கு, சித்திரையில் காய்ந்து கிடப்பதற்கும் அதே கணக்கு. அப்படி எழுதிய பதிவேடுகளில் பெரியப்பாவின் கையெழுத்தும் உண்டு.

சட்டத்திலும் இதே கேள்விதான் வழி காட்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பொருட்களுக்குத் தடை. கேரி பேக் எந்தத் தடிமனில் இருந்தாலும் கூடாது. ஆனால் மத்திய அரசின் விதி 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறையாத பைகளை அனுமதிக்கிறது. ஒரே பை ஒரு சட்டத்தில் குற்றம், இன்னொன்றில் குற்றமில்லை. நடுவில் மாட்டிக்கொள்பவர் கடைக்காரர்.

தடை வந்த அந்த ஜனவரியில், பேருந்து நிலையத்து வாசலில் ஒரு பூக்காரம்மாவின் கூடையிலிருந்து அரைக் கட்டுக் கவரைப் பறிமுதல் செய்தது பெரியப்பாவின் கைதான். கவர் எந்த மொத்தக் கடையில் வாங்கியது, அந்தக் கடைக்கு எங்கிருந்து வந்தது என்று அன்று கேட்கவில்லை. அபராத ரசீதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு அந்த அம்மா மறுபடி பூக்கட்ட உட்கார்ந்த காட்சி இன்னும் மனதை அறுக்கிறது. உன் அறிக்கையில் ‘அமலாக்கம்’ என்று ஒரு தலைப்பு வரும். எழுதும்போது அந்த அம்மாவை நினைத்துக்கொள்.

அந்த 14 வகையில் ஷாம்பு உறை இல்லை, கண்ணே. நம் கடலூருக்கே சொந்தமான கதை அது. ஷாம்புவைச் சின்ன உறையில் அடைத்து விற்ற முன்னோடிகளில் ஒருவர் நம் ஊர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய தொழிலில் பிறந்த சிக் ஷாம்பு பட்டிதொட்டியெல்லாம் போனது. அதைக் கெடுதல் என்று ஒரே வரியில் தள்ளுவது அநியாயம். முழு பாட்டில் வாங்க வழியில்லாத வீட்டுப் பெண்கள் எட்டணாவிலும் ஒரு ரூபாயிலும் தலை மினுங்கக் குளித்தார்கள். அந்த மகிழ்ச்சி உண்மை. குளித்து முடித்ததும் சாக்கடைக்குப் போன உறையும் உண்மை.

உறையில் என்ன சிக்கல்? பல அடுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்தது அது. பிரிக்க முடியாததால் உருக்கினாலும் நல்ல பொருள் கிடைக்காது. ஆயிரம் உறை பொறுக்கினாலும் ஒரு கிலோ தேறுவது சந்தேகம். பால் கவருக்கு எடைக்கடையில் விலை உண்டு, பெட் பாட்டிலுக்கு உண்டு, உடைந்த பிளாஸ்டிக் குடத்துக்கும் உண்டு. உறைக்கு இல்லை. விலை இல்லாததைப் பொறுக்க யாரும் குனிவதில்லை.

2016 மார்ச்சில் வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறைகளின் உற்பத்தியையும் பயன்பாட்டையும் இரண்டே ஆண்டில் ஒழிக்கச் சொல்லின. கெடு முடிந்த அதே மாதம், 2018 மார்ச்சில், ஒரு திருத்தம் வந்தது. மறுசுழற்சி செய்ய முடியாதது என்பதோடு, எரித்து ஆற்றல் எடுக்க முடியாதது, வேறு பயன் இல்லாதது என்ற சொற்களும் சேர்ந்தன. சிமென்ட் சூளையில் எரிக்கலாம் என்று காட்டினால் போதும், உறை தப்பித்துக்கொள்ளும். நாலைந்து சொல்லில் ஒரு சட்டத்தின் பல்லைப் பிடுங்கிவிடலாம். ஆகவே சட்டம் என்றால் மூல விதியை மட்டும் படித்து மூடிவிடாதே. ஒவ்வொரு திருத்தத்தையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடு. உன் வயதுக் கண்களுக்கும் பொறுமைக்கும் ஏற்ற வேலை அது. பெரிய அதிகாரிகளுக்கு அதற்கு நேரம் இருப்பதில்லை.

2022 பிப்ரவரியில் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டுதல்களையும் அப்படியே படி. விற்ற அளவுக்குத் திரும்ப எடுத்ததாகச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அடுத்த ஆண்டே லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்களை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டுபிடித்தது. சான்றிதழைப் பார்த்தால் உடனே மூட்டை எங்கே என்று கேள்.

எல்லாம் இருட்டு என்று எண்ணிவிடாதே. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதால் 2022-இல் நீலகிரியின் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. காட்டோரம் உடைந்து கிடந்து யானையின் காலைக் கிழித்த கண்ணாடி, கடைக்கே திரும்பி வரத் தொடங்கியது. கண்ணாடிதானே, பிளாஸ்டிக் இல்லையே என்பாய். பொருளை விடு, 10 ரூபாயைப் பார். விலை ஒட்டியதும் குப்பைக்குக் கால் முளைத்துவிட்டது.

பிளாஸ்டிக் மாசுக்கான உலக ஒப்பந்தம் பற்றியும் எழுதச் சொல்வார்கள். 2022 மார்ச்சில் நைரோபியில் முடிவெடுத்து, புந்தா தெல் எஸ்தே, பாரிஸ், நைரோபி, ஒட்டாவா, பூசான் என்று சுற்றிய பேச்சு 2025 ஆகஸ்ட்டில் ஜெனீவாவில் உடன்பாடு இல்லாமல் கலைந்தது. உற்பத்திக்கே வரம்பு வேண்டும் என்பவர்களுக்கும், கழிவைச் சமாளித்தால் போதும் என்பவர்களுக்கும் இடையே உள்ள பிளவுதான் பெரிய முட்டுக்கட்டை. அதை ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு உன் நேரத்தைத் தெருவுக்குக் கொடு.

காலை ஆறு மணிக்குத் தூய்மைப் பணியாளரோடு ஒரு தெரு முழுக்க நட. போகும்போது கையுறையும் மூடிய செருப்பும் போட்டுக்கொள். அவர்களுக்குக் கையுறை கொடுத்திருக்கிறார்களா என்பதையும் குறித்துக்கொள். கேட்காமல் படம் எடுக்காதே. பிறகு எடைக்கடையில் போய் உட்கார். “பிளாஸ்டிக் தடையை ஆதரிக்கிறீர்களா?” என்று கேட்டால் உன் மனம் கோணாத பதில்தான் வரும். “எதை வாங்க மாட்டீங்க?” என்று கேள். அவர்கள் தள்ளிவைக்கும் குவியலில்தான் உன் ஆய்வு இருக்கிறது. விவரம் சொன்னவர்களின் உழைப்பை அறிக்கையில் எழுது. குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் 1993-லேயே புனேயில் சங்கம் அமைத்தவர்கள். ‘முறைசாராத் துறை’ என்ற ஒரு சொல்லில் அவர்களை அடக்கிவிடாதே.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை ஊருக்கு வா. திருப்பாதிரிப்புலியூர் எடைக்கடை அண்ணாச்சியிடம் பிரிக்காத மூட்டை ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லியாயிற்று. பழைய சுடிதார் ஒன்று கொண்டு வா. எழுதிய வரைக்கும் அறிக்கையையும் எடுத்து வா. மூட்டையைப் பிரித்து முடித்துவிட்டு, கை கழுவி, பெரியம்மா வைக்கும் மீன் குழம்பைச் சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து படிப்போம்.

அன்புடன்,
பெரியப்பா