கத்தாமல் காரியம் முடிக்க

விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை மனு கொடுத்தாலும் சரி, திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை இறக்கினாலும் சரி, நிதானமாகப் பேசுகிறவர் பேச்சுதான் எடுபடும்.

1. சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பாதிக் கோபம் பசியில் வருவது.

2. மனு ஒரே பக்கம் போதும். சர்வே எண், பழைய மனு எண், தேதி எல்லாம் மேலேயே இருக்கட்டும். கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம்.

3. எடையில் சந்தேகமா? “ஏமாத்துறீங்களா?” என்று ஆரம்பிக்காதீர்கள். “அண்ணே, இந்த மூட்டைய இன்னொரு தரம் வைங்க, பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுத் தராசுப் பக்கத்திலேயே நில்லுங்கள். திருட்டுப் பட்டம் கட்டினால் சண்டைதான் வரும். மூட்டை மறுபடி தராசில் ஏறாது.

4. எதிராளி குரலை உயர்த்தினால் நீங்கள் இறக்குங்கள். நீங்கள் சொல்வது காதில் விழவாவது அவர் நிறுத்தியாக வேண்டும். சிரிக்க மட்டும் வேண்டாம், கேலி என்று எடுத்துக்கொள்வார்.

5. “அடுத்த வாரம் வாங்க” என்றால் எந்தத் தேதி, யாரைப் பார்ப்பது என்று கேட்டு, அவர் எதிரிலேயே குறித்துக்கொள்ளுங்கள். எழுதி வைத்ததை மறுப்பது கஷ்டம். ரசீது வாங்காமல் நகராதீர்கள். இழுத்தடித்தால் முதல்வர் உதவி மையத்தின் 1100-இல் புகார் சொல்லும்போது அந்த ரசீது எண் கைகொடுக்கும்.