விறகு வியாபாரமும் அதற்கு வேண்டிய சாதனங்களும்

கையில் ஒரு கோடாலியும் கொல்லையில் நாலு மரமும் இருந்தால் விறகு வியாபாரம் நடத்திவிடலாம் என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணத்தை மட்டும் நம்பி இறங்குகிறவர், எவ்வளவு உழைத்தாலும், கைம்முதலை இழந்துவிடுவது எளிது. பச்சை விறகின் எடையையே உலர்ந்த விறகின் எடையாகக் கொண்டு கணக்கிடுவதுதான் இதற்குக் காரணம். இவ்வியாபாரத்தின் ஜீவநாடி கோடாலியில் இல்லை; உலர்த்தும் புரையிலும், தராசிலும், கணக்குப் புத்தகத்திலுமே இருக்கிறது. சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் இதனைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நலம்.

1. சரக்கு கிடைக்குமிடமும் செலவாகுமிடமும்

கன்னியாகுமரி ஜில்லாவில் விறகுக்குப் பஞ்சமில்லை. குலசேகரம், அருமனை முதலிய மேற்குப் பகுதிகளில் ரப்பர்த் தோட்டங்கள் மிகுதி. ரப்பர் மரம் நட்ட சுமார் 7-ஆம் ஆண்டில் பால் வெட்டத் தொடங்கி, 25 முதல் 30 ஆண்டுகளுக்குப்பின் வெட்டி மறுநடவு செய்யப்படுகிறது. அடிமரம் அறுப்பு ஆலைகளுக்குப் போய்விடும், கிளைகள் விறகாகும். நாஞ்சில் நாட்டைச் சேர்ந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளில் புளி, மா, வேம்பு ஆகியவற்றின் கிளைகளும், தென்னந்தோப்புகளின் மட்டை, கொதும்பு, சிரட்டை முதலியவையும் கிடைக்கும்.

2016-ஆம் ஆண்டில் உஜ்வலா திட்டம் தொடங்கிய பிறகு, எரிவாயு அடுப்பு ஏழை வீடுகளுக்கும் பரவியிருக்கிறது. ஆகையால் வீடுவீடாக விறகு விற்கும் பழைய முறையை மட்டும் நம்பியிருத்தல் தகாது. கலியாண ஆக்குப்புரைகள், கோவில் மடைப்பள்ளிகள், தேநீர்க் கடைகள், ரொட்டி சுடுமிடங்கள், கருப்பட்டி காய்ச்சுவோர், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுவோர் ஆகியோரே இன்று தொடர்ந்து வாங்கக்கூடியவர்கள். இவர்கள் யாவரும் விறகைத் தொழிலுக்காக வாங்குகிறவர்கள். அடுப்பு மந்தமாக எரிந்தால் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார்கள். விருந்துச் சமையலுக்குப் பொறுப்பேற்ற தவசுப்பிள்ளை ஒருவர், ஈர விறகினால் சாப்பாட்டுப் பந்தி தாமதமானால், அக்கடைப் பெயரை எளிதில் மறக்கமாட்டார்.

2. ஈரமும் எடையும்

அப்போது வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீராக இருக்கக்கூடும். நன்கு காற்றில் உலர்ந்த விறகில் ஐந்தில் ஒரு பங்களவே நீர் நிற்கும். ஆகவே 1,000 கிலோ பச்சை விறகில் மரப்பொருள் 500 கிலோதான். அது உலர்ந்தபின் 625 கிலோவாக நிற்கும். எஞ்சிய 375 கிலோவும் திருட்டுப் போகவில்லை. காற்றோடு கலந்துவிட்ட நீர்.

இனி விலைக் கணக்கைப் பார்ப்போம். கீழ்க்கண்ட விலைகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. அங்கத்தினர்கள் தத்தம் ஊர் விலையை இட்டுப் பார்க்க வேண்டும்.

பச்சை விறகு 1,000 கிலோ, கிலோ 3 ரூபாய் வீதம்: 3,000 ரூபாய்.
வெட்டிப் பிளக்கக் கூலி: 800 ரூபாய்.
வண்டிச் சத்தம்: 600 ரூபாய்.
புரை வாடகை முதலியன: 100 ரூபாய்.
ஆக மொத்தம்: 4,500 ரூபாய்.

இதனை 1,000 கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு அடக்கவிலை 4 ரூபாய் 50 காசு என்று தோன்றும். அவ்வாறு எண்ணி ஒருவர் உலர்ந்த விறகைக் கிலோ 6 ரூபாய்க்கு விற்றால், ஒன்றரை ரூபாய் லாபம் என்று மகிழ்வார். ஆனால் உலர்ந்து, தூளும் பட்டையும் கழிந்தபின் அவரிடம் விற்பதற்கு இருப்பது சுமார் 600 கிலோவே. வரும் பணம் 3,600 ரூபாய். லாபம் என்று எண்ணிய இடத்தில் 900 ரூபாய் நஷ்டம்! உண்மையான அடக்கவிலை கிலோவுக்கு 7 ரூபாய் 50 காசு ஆகும்.

அப்படியானால் பச்சையாகவே விற்றுவிடலாமே என்று சிலர் கேட்கலாம். வாங்குகிறவர் பக்கத்திலிருந்து இதை நோக்குவோம். அவருக்கு வேண்டுவது உஷ்ணம், எடையன்று. பச்சை விறகு எரியும்போது அதன் உஷ்ணத்தில் ஒரு பகுதி அதிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. உலர்ந்த விறகு ஒரு கிலோ சுமார் 3,400 கிலோகலோரி உஷ்ணம் தரும். பாதி நீருள்ள பச்சை விறகு சுமார் 1,900 மட்டுமே தரும். எனவே ஒரு கிலோ உலர்ந்த விறகின் வேலையைச் செய்ய ஏறக்குறைய 1.8 கிலோ பச்சை விறகு வேண்டும். பச்சை விறகு கிலோ 5 ரூபாய் என்றால், அதே உஷ்ணத்துக்கு அவர் செலவிடுவது 9 ரூபாய். புகையும் கண்ணெரிச்சலும் அதற்கு மேல். நம் அடக்கவிலையாகிய ஏழரை ரூபாய்க்கும் இந்த ஒன்பது ரூபாய்க்கும் இடையே உள்ளதுதான் யோக்கியமான வியாபாரிக்குரிய இடம். எட்டரை ரூபாய்க்கு விற்றால் அவருக்கும் சிக்கனம், நமக்கும் லாபம்.

3. விறகுப்புரை

சாதனங்களுள் முதலாவது புரையே. மேற்கூரை நன்றாக இருத்தல் வேண்டும். பக்கங்கள் திறந்திருத்தல் வேண்டும். நான்கு புறமும் சுவர் எழுப்பினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூசணம் பிடிக்கும். தரையில் கற்களோ பழைய உத்திரங்களோ இட்டு, ஒரு சாணுக்குக் குறையாமல் உயர்த்தி அடுக்கினால் கறையானும் தரையீரமும் அணுகா. அடுக்குகளுக்கிடையே ஓர் ஆள் நடக்கும் வழி விட வேண்டும். காற்றோட்டத்துக்கும் அதுவே வழி.

வாரம் ஒரு டன் பச்சை விறகு வாங்கி, 12 வாரம் உலர்த்தி விற்பதாகக் கொண்டால், எந்நேரமும் 12 வாரக் கொள்முதல் புரையில் இருக்கும். இடைவெளி உட்பட அடுக்கிய பச்சை விறகு ஒரு கனமீட்டர் சுமார் 600 கிலோ நிற்குமென்று வைத்துக்கொண்டால், இதற்குச் சுமார் 20 கனமீட்டர் இடம் வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு அடுக்கி நடைவழியும் விட்டால், 9 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள புரை போதும்.

நமது ஜில்லாவுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இருபருவ மழையும் உண்டு. ஆகையால் மழையில்லாத வெயிற்காலத்தில் கூடுதலாக வாங்கி உலர்த்தி வைத்தல் வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த ஊர்களில் ஆனி, ஆடி மாதங்களில் காற்று பலமாக வீசும். மலையடிவாரத்து ஊர்களைவிட மழையும் குறைவு. அங்கே புரை அமைப்போருக்கு அந்தக் காற்று கூலியில்லாத வேலையாள். ரப்பர் விறகைப் பிளக்காமல் வைத்தால் பூசணமும் வண்டும் விரைவில் பற்றும். வெட்டிய சில நாட்களுக்குள்ளேயே பிளந்து அடுக்கிவிட வேண்டும். 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயலில் நமது ஜில்லாவில் ரப்பர் மரங்கள் பெருவாரியாகச் சாய்ந்தன. அத்தகைய காலத்தில் மரம் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் புரையில்லாதவருக்கு அதனால் பிரயோஜனம் இல்லை.

உலர்ந்துவிட்டதை எவ்வாறு அறிவது? அடுக்கின் மேலும் நடுவிலும் அடியிலுமாக ஐந்து துண்டுகளுக்குச் சுண்ணாம்பினால் குறியிட்டு, வாரந்தோறும் எடை பார்த்துக் குறித்துவர வேண்டும். எடை மேலும் குறையாமல் நின்றுவிட்டால் விறகு தயார். வெட்டுவாயில் வெடிப்புத் தோன்றுவதும், இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று ஒலிப்பதும் துணை அடையாளங்கள்.

4. வெட்டவும் நிறுக்கவும் வேண்டியவை

சிறு வியாபாரத்துக்கு வேண்டிய ஆயுதங்கள் பின்வருவன. சிறு கிளை கழிக்க வெட்டுக்கத்தி. பிளப்பதற்குக் கனத்த கோடாலி. குறுக்கே அறுக்க இருவர் இழுக்கும் ரம்பம். கணுவுள்ள கட்டைகளைப் பிளக்க இரும்பு ஆப்புகள் மூன்றும் சம்மட்டி ஒன்றும். கூர் தீட்ட அரமும் சாணைக்கல்லும். கோடாலியின் பின்புறத்தால் ஆப்பை அடிக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். காம்பு செருகும் துளை நெளிந்து, ஒருநாள் தலை கழன்று பறக்கும். முழங்கால் உயரமுள்ள அடிகட்டை ஒன்றின் மேல் வைத்துப் பிளந்தால், தவறிய வெட்டு காலில் விழாமல் கட்டையில் இறங்கும்.

பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம் வேலையை விரைவாக்கும் என்பது உண்மையே. ஆயினும் வாரம் ஒரு டன் அறுப்பவருக்கு அது சொந்தமாக வேண்டியதில்லை, வாடகைக்குப் போதும். பழகாதவர் கையில் அது கோடாலியைவிட அபாயமானது. அதன் நுனி மரத்தில் பட்டால் கருவி ஆளை நோக்கி எகிறும். கண்ணாடி, கனத்த காலணி, காதுமறைப்பு ஆகியவையின்றி அதைத் தொடலாகாது. தனியாளாக இருக்கையில் இயக்கவும் கூடாது.

தராசு, கடையின் மானம். சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன்படி, வியாபாரத்தில் வழங்கும் தராசு குறித்த தவணையில் பரிசோதிக்கப்பட்டு முத்திரை பெற்றிருத்தல் வேண்டும். தொங்கு தராசைவிட, கட்டை அப்படியே வைத்து நிறுக்கத்தக்க மேடைத் தராசு விறகுக்கு ஏற்றது. வாங்குகிறவர் கண்முன்னே நிறுக்க வேண்டும். மழை நனைந்த விறகை அன்று நிறுத்து விற்பது தண்ணீரை விற்பதாகும்.

மழைக்குத் தார்ப்பாய், கட்டுவதற்குக் கயிறு, அருகில் கொண்டுபோய்க் கொடுக்க இருசக்கரத் தள்ளுவண்டி ஆகியவற்றோடு, தீயணைக்க மணல் வாளிகளும் தண்ணீர்த் தொட்டியும் புரையருகே இருத்தல் அவசியம். புரையைக் குடியிருப்பை ஒட்டி அமைத்தலும், அதனுள் பீடி புகைக்க விடுதலும் கூடாது. அடுக்கைப் பிரிக்கும்போது பாம்பும் தேளும் இருக்கக்கூடுமாதலால் வெறுங்கையை உள்ளே விடலாகாது.

5. வாங்கக்கூடாத மரங்கள்

அரளி விஷச் செடி. அதன் குச்சி ஒன்றுகூடச் சமையல் விறகில் கலத்தல் ஆகாது. வர்ணம் பூசிய பலகைகளும் மருந்தேற்றிய மரங்களும் அவ்வாறே விலக்கத்தக்கவை.

நமது மலைக்காடுகளில் சுமார் 402 சதுர கிலோமீட்டர் 2008-ஆம் ஆண்டில் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து ஒரு சுள்ளியும் கடைக்கு வரலாகாது. சந்தன மரம் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியின்றி வெட்டக் கூடாதது. மலைப்பகுதிக் கிராமங்களில் எம்மரமாயினும் வெட்டுவதற்கு முன்பு வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுதல் வேண்டும். ஒவ்வொரு கொள்முதலுக்கும் நிலத்தின் சர்வே எண், உடையவர் கையொப்பம், மரத்தின் வகை, தேதி ஆகியவற்றைக் குறித்துச் சீட்டு வாங்கி வைப்பவருக்கு அச்சமில்லை.

6. முதலும் சங்கக் கடனும்

ஆயுதங்களின் விலையைவிட அடுக்கில் கிடக்கும் விறகின் விலையே பெரிது. நாம் எடுத்துக்கொண்ட கணக்கின்படி, வாரம் 4,500 ரூபாய் வீதம் 12 வாரத்துக்கு 54,000 ரூபாய் செலவான பின்னரே முதல் உலர்ந்த கட்டை விற்பனைக்கு வரும். இதை அறியாமல், கடன் வாங்கிய மறுமாதமே தவணை கட்டவேண்டும் என்று விதித்தால், கடனாளி பச்சை விறகை வந்த விலைக்கு விற்றுத் தவணை கட்டுவார். கடை கெடும், கடனும் நிற்கும். ஆதலால் விறகு வியாபாரத்துக்குச் சங்கம் கொடுக்கும் கடனில், முதல் தவணை உலர்த்தும் காலம் கழிந்தபின் தொடங்குமாறு வைத்தலே நியாயம். கொட்டகையில் அடுக்கியுள்ள சரக்கைச் சங்க நிர்வாகிகள் மாதந்தோறும் பார்வையிடலாம்.

ஐந்தாறு அங்கத்தினர்கள் ஒன்று சேர்ந்தால் பொதுப்புரை ஒன்று, மேடைத் தராசு ஒன்று, சங்கிலி ரம்பம் ஒன்று ஆகியவை எல்லோருக்கும் போதும். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் டாக்டர் ஸ்பென்ஸர் ஹாட்ச் நடத்திய கிராமப் புனருத்தாரண நிலையத்தில், கோழி வளர்ப்போர் தங்கள் முட்டைகளைக் கூட்டாக விற்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஒவ்வொரு வீட்டிலும் சொற்பமாகக் கிடைத்த சரக்கு, ஒன்றுசேர்ந்தபோது சந்தைக்கேற்ற சரக்காயிற்று. விறகுக்கும் அவ்வழி பொருந்தும். “சங்க விறகு என்றால் உலர்ந்த விறகு, சரியான எடை” என்ற பெயர் பரவுமானால், அதைவிடப் பெரிய முதல் வேறில்லை.

கணக்குக்கு மூன்று புத்தகங்கள் வேண்டும்: கொள்முதல், விற்பனை, கடன் பேரேடு. கொள்முதல் புத்தகத்தில் பச்சை எடையையும், அதே அடுக்கு உலர்ந்தபின் நின்ற எடையையும் எதிரெதிரே எழுதி வர வேண்டும். ஓராண்டு எழுதினால், எந்த மரத்தில் எவ்வளவு கழியும் என்பது தம் ஊர் அனுபவமாகவே தெரிந்துவிடும்.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. நம் ஊரில் பச்சை விறகும் உலர்ந்த விறகும் கிலோ என்ன விலை? மேற்கண்ட முறையில் அடக்கவிலை எவ்வளவு ஆகிறது?

2. காற்றோட்டமும் வண்டிப் பாதையும் உள்ள பொது இடம் புரைக்கு அகப்படுமா?

3. வருகிற கலியாண மாதங்களில் நம் ஊராருக்கு எத்தனை டன் விறகு தேவைப்படும்? அதற்கு எந்த மாதத்தில் வாங்கி அடுக்க வேண்டும்?

4. விறகுக் கடனுக்கு முதல் தவணை எப்போது தொடங்குவது தக்கது?