வெட்டிய விளிம்பைப் பாருங்கள்

உயர்தரத்தில் தொழினுட்பம் படித்துவிட்டு உலோகத் துறையில் வேலை தேடும் கொழும்புப் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை: உயர்வலிமை உருக்குத் தகட்டைச் சோதிக்கப் பழகுங்கள். பஞ்சிகாவத்தையில் பிரித்து விற்கும் ஜப்பான் கார்களின் தூண்களிலும் கதவுச் சட்டங்களிலும் இருப்பது இந்தத் தகடுதான். வெள்ளவத்தையில் காலி வீதி பஸ் ஏறினால் கட்டுபெத்தைச் சந்தி. அங்குள்ள மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொருள் விஞ்ஞானத்துக்கென்றே பொறியியல் துறை உண்டு. கைவேலை கற்க ஜேர்மன் டெக் பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

இழுவைச் சோதனையை எல்லோரும் படிக்கிறார்கள். எரிக்சன் சோதனையும் எளிது: 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள குண்டுமுனை தகட்டை அழுத்தும்; வெடிக்கும்வரை எவ்வளவு ஆழம் போனது என்று அளப்பீர்கள். இந்த இரண்டிலும் தேறிய தகடுகூட அச்சில் ஏறியதும் விளிம்பில் கிழிவதுண்டு. வெட்டும்போதே விளிம்பு காயப்பட்டுவிடுகிறது. உயர்வலிமை உருக்கில் ஒரு வகையான டூயல் ஃபேஸ் உருக்கில் மென்மையான ஃபெரைட்டும் கடினமான மார்டென்சைட்டும் கலந்திருப்பதால், இரண்டும் சேரும் எல்லையில் நுண்வெடிப்பு பிறக்கிறது.

இந்த விளிம்புக் குறையைப் பிடிப்பது துளை விரிவுச் சோதனை, ஐ.எஸ்.ஓ. 16630. தகட்டில் 10 மில்லிமீற்றர் துளை குத்தி, 60 பாகைக் கூம்பால் விரிக்க வேண்டும். தகட்டின் தடிப்பு முழுவதையும் ஊடுருவி வெடிப்பு தெரிந்த கணமே நிறுத்துங்கள். துளை 13 மில்லிமீற்றர் ஆகியிருந்தால் விரிவு 30 சதவீதம். நிறுத்தக் கொஞ்சம் பிந்தினாலும் எண் கூடிவிடும். கண்ணும் கையும் ஒன்றாகப் பழகவேண்டிய இடம் இது. பிசிறுள்ள பக்கம் கூம்புக்கு எதிர்ப்புறமாக இருக்கட்டும். துளை குத்தும் முனை மழுங்கியிருந்தால் நல்ல தகடும் கெட்டதாகத் தெரியும். முனையின் நிலை, முனைக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளி, தகட்டின் தடிப்பு, தகட்டுச் சுருளின் இலக்கம் எல்லாவற்றையும் அந்த நேரத்திலேயே குறித்துவையுங்கள். மூன்று மாதிரிகளின் சராசரி இல்லாமல் அறிக்கை எழுதாதீர்கள்.

இந்தச் சோதனை தேவைப்படும் பெரிய அழுத்தப் பட்டறைகள் நம் நாட்டில் குறைவு. சென்னையை அடுத்த ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஏராளம். ஆனால் இங்கேயே, கொட்டாஞ்சேனை கராஜில் டிங்கர் வேலை செய்பவருக்கும் இந்த அறிவு உதவும்: இந்தத் தகட்டைச் சூடாக்கி நிமிர்த்தினால் அதன் வலிமை போய்விடும்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது சான்றிதழோடு, நீங்களே எழுதிய சோதனைக் குறிப்பேட்டையும் கொண்டுபோங்கள். கிழிந்த மாதிரி ஒன்றை மேசையில் வைத்து, வெடிப்பு எங்கே தொடங்கியது என்று விரலால் காட்டி விளக்குங்கள்.