விடை கூறுதலும் பொருள் உணர்தலும்

ஒருவன் ஒரு பொருளை உணர்ந்துள்ளான் என்பதை நாம் எவ்வாறு அறிகிறோம்? அவன் உள்ளத்தைத் திறந்து காண இயலாது. அவன் கூறும் விடையைக் கொண்டே துணிகிறோம். ஆதலின் சோதிக்கும் முறை பழுதுபடின் நம் துணிபும் பழுதுபடும்.

பெர்லின் நகரில் ஹான்ஸ் என்னும் குதிரை ஒன்று இருந்தது. கணக்கைக் கேட்டால் குளம்பால் தட்டி விடை கூறும். 1904ஆம் ஆண்டு அறிஞர் குழுவொன்று ஆராய்ந்து, இதில் சூது இல்லை என்றது. பின்னர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பார் சோதனையை மாற்றியமைத்தார். கேட்பவரே விடை அறியாதபோதும், கேட்பவர் குதிரையின் கண்ணுக்குப் புலப்படாதபோதும் அது தவறிற்று. உரிய எண் வந்தவுடன் கேட்பவரின் தலை அவரறியாமலே சிறிது அசையும். அதனைக் கண்டே குதிரை தட்டுவதை நிறுத்தியது. இவ்வுண்மையை அவர் 1907இல் நூலாக வெளியிட்டார். விடை சரி, கணக்கறிவோ இல்லை.

இயந்திரத்தைப் பற்றியும் இவ்வினா எழுந்தது. எழுத்து வாயிலாக உரையாடுங்கால் மனிதனினின்றும் பிரித்தறிய முடிகிறதா என்பதையே சோதனையாக வைக்கலாம் என்று 1950இல் ஆலன் டூரிங் கூறினார். 1966இல் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா என்னும் நிரல், பேசுவோரின் சொற்களையே வினாக்களாகத் திருப்பித் தந்தது. அதுவே தம்மைப் புரிந்துகொண்டதாகச் சிலர் மயங்கினர். சீனமொழி அறியாதவனும் விதிநூலைப் பார்த்துச் சீன எழுத்துகளில் விடை தரலாமன்றோ என 1980இல் ஜான் சர்ல் வினவினார்.

இன்றைய உரையாடும் இயந்திரங்கள் அளவிறந்த நூல்களில் பயின்றவை. பழைய வினாவிற்கு அவை கூறும் விடை, முன்பு கண்டதன் எதிரொலியாகவும் இருக்கலாம். பாடத்தை நெட்டுருச் செய்த மாணவனின் நிலையும் இதுவே. ஆதலின் இருவருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். இயந்திரம் என்பதனாலேயே தள்ளுவதும், மனிதன் என்பதனாலேயே கொள்ளுவதும் நடுநிலை ஆகா.

அவ்வளவுகோல் மூன்று கூறுடையது. முதலாவது, எண்ணையும் பெயரையும் சூழலையும் மாற்றிக் கேட்டல். இரண்டாவது, காரணத்தையும் புதியதோர் எடுத்துக்காட்டையும் கூறச் செய்தல். மூன்றாவது, விடையே இல்லாத வினாவைக் கேட்டு, “தெரியாது” என்கிறதா என நோக்கல். இவற்றில் தேறுவது செயல்திறனைக் காட்டும். உள்ளே உணர்வு உண்டா என்பது வேறு வினா. அதில் அறிஞர் இன்றும் உடன்படவில்லை.

இது வெறும் தருக்கமன்று. புரியாத பிள்ளையை மதிப்பெண் கண்டு மேல்வகுப்பிற்கு அனுப்பினால் அவன் அங்கே ஊமையாகிறான். சரளமாகப் பேசுகிறதென்று இயந்திரத்தின் மருத்துவ யோசனையை ஆராயாது ஏற்றால் உயிருக்கே ஊறு நேரலாம். ஆகவே, படிப்பிக்கும் ஒவ்வொருவரும் “என்ன விடை?” என்பதோடு நில்லாமல், “ஏன்?” என்றும், “இஃது மாறினால் என்னாகும்?” என்றும் கேட்பாராக.