தூசியும் காற்றோட்டமும்

தொழிற்சாலைக் காற்றில் கலந்து தீங்கு விளைப்பவை தூசி, புகை, ஆவி, வாயு என்பன. இவற்றை அகற்றும் காற்றோட்ட முறைகள் இருவகைப்படும். அறை முழுவதும் புதுக் காற்றைச் செலுத்தித் தீங்கின் செறிவைக் குறைப்பது பொதுக் காற்றோட்டம். தீங்கு பிறக்கும் இடத்திலேயே அதனை உறிஞ்சி வெளியேற்றுவது உறிஞ்சு காற்றோட்டம்.

நஞ்சு குறைந்த ஆவி சிறிய அளவில் பரவலாக எழுமாயின் முதல் முறையே போதும். கொடிய தூசிக்கு அது போதாது. மத்தியப் பிரதேசத்து மந்த்சௌரில் சிலேட்டுக் குச்சி அறுக்கும் தொழில் இதற்குச் சான்றாகும். மின்சார ரம்பம் கல்லை அறுக்கையில் சிலிகா கலந்த தூசி எழுகின்றது. அதில் 5 மைக்ரானினும் நுண்ணிய துகள்கள் கண்ணுக்குப் புலப்படாமல் நெடுநேரம் மிதந்து, நுரையீரலின் ஆழத்தை எட்டுகின்றன. அதனால் உண்டாகும் சிலிக்கோசிஸ் நோயை முற்றும் தீர்க்கும் மருத்துவம் இல்லை. ஆமதாபாத் தேசியத் தொழில்நல நிறுவனத்தார் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட தொழிலாளருள் பாதிக்கு மேற்பட்டோரிடம் இந்நோய் காணப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் குச்சிக்குக் கொடுத்த விலை அது. இத்தகைய இடத்தில் சாதாரண மின்விசிறி தூசியை அகற்றாது; அடுத்தவர் மூச்சுக்கே அனுப்பும்.

உறிஞ்சு வாயை எங்கே வைப்பது என்பதை எளிய சோதனையொன்று விளக்கும். 2 செ.மீ. விட்டமுள்ள காகிதக் குழாயினால் 20 செ.மீ. தொலைவிலுள்ள மெழுகுவத்தியை ஊதி அணைக்கலாம். அதே தொலைவினின்று காற்றை உறிஞ்சினால் சுடர் அசைவதும் அரிது. ஊதிய காற்று ஒரே திசையில் செல்லும்; உறிஞ்சும் வாய்க்கோ எல்லாத் திசைகளினின்றும் காற்று வரும். ஆகவே வாயினின்று ஒரு விட்டத் தொலைவிலேயே உறிஞ்சு வேகம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஊதிய காற்று இந்நிலையை அடைய ஏறத்தாழ 30 விட்டத் தொலைவு செல்ல வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, உறிஞ்சு கருவியைத் தூசி பிறக்குமிடத்திற்கு இயன்றவரை அருகில் அமைக்க வேண்டுமென விதித்ததன் காரணம் இதுவே.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை:

1. உறிஞ்சு வாய், தூசி எழும் இடத்தை இயன்றவரை மூடியிருத்தல் வேண்டும்.
2. தூசிக்கும் உறிஞ்சு வாய்க்கும் இடையே தொழிலாளியின் முகம் வரலாகாது.
3. கல்தூசியைச் சுமக்கும் குழாயில் காற்றின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 18 மீட்டருக்குக் குறையலாகாது. குறைந்தால் தூசி படிந்து குழாய் அடைபடும்.
4. வெளியேறும் காற்றுக்கு ஈடாகத் தூய காற்று உள்ளே வர வழி வேண்டும்.
5. வெளியேறும் தூசியை வடிகட்டியில் பிடித்தல் வேண்டும். இன்றேல் அண்டை வீட்டாரை அது தாக்கும்.

ஊதுவத்திப் புகையை உறிஞ்சு வாயருகே பிடித்துப் பார்த்தால் காற்றின் போக்குத் தெரியும். தீப்பற்றும் ஆவியுள்ள இடத்தில் இச்சோதனை செய்யலாகாது. விசிறி சுழலும் ஓசையைக் கேட்டு அமைதியடைதல் தவறு. தூசி உள்ளே இழுக்கப்படுகிறதா என்று காண்பதே சோதனை.