பழுதடைந்த வன்தட்டைப் பாதுகாப்பாக மாற்றுதல்

வங்கி, வைத்தியசாலை போன்ற இடங்களில் சேவையகத்துடன் இணைக்கப்படும் சேமிப்புப் பெட்டியில் பல வன்தட்டுகள் தனித்தனி அறைகளிற் செருகப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்று பழுதடைந்தாலும் தரவு இழக்கப்படாதவாறு ஒழுங்கமைக்கும் முறை றெயிட் எனப்படும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் (பேர்க்கிலி) சேர்ந்த பற்றர்சன், கிப்சன், கற்ஸ் ஆகியோரின் 1988ஆம் ஆண்டுக் கட்டுரை மூலம் இது பரவலாக அறியப்பட்டது.

"பழைய தட்டைக் கழற்றிப் புதியதைப் பொருத்தல்" என ஒரு வரியில் விடையெழுதுவது போதாது. எந்தத் தட்டைக் கழற்றுவது என்பதே முதன்மையானது. பின்வரும் றெயிட் 5 உதாரணத்தைக் கவனிக்க.

தட்டு அ : 1011
தட்டு ஆ : 0110
தட்டு இ : 1101 (சரிபார்ப்புத் தரவு)

இ ஆனது அ, ஆ ஆகியவற்றை எக்ஸ்ஓஆர் படலைக்கு உள்ளீடாக்கியதால் வந்த வருவிளைவாகும். (உண்மையில் சரிபார்ப்புத் தரவு எல்லாத் தட்டுகளிலும் மாறிமாறிப் பதியப்படும்.) ஆ பழுதடையின் அ, இ என்பவற்றை மீண்டும் எக்ஸ்ஓஆர் செய்க: 0110 கிடைக்கும். ஆனால் ஆ பழுதடைந்திருக்கையில் ஒருவர் தவறுதலாக அ ஐ இழுத்துவிட்டால் எஞ்சுவது 1101 மட்டுமே. அதிலிருந்து இரண்டு கணியங்களைக் காண முடியாது; தொகுதி முழுவதும் செயலிழக்கும்.

எனவே கை வைக்கமுன் முகாமைத்துவ மென்பொருள் காட்டும் அறை இலக்கம், தொடரிலக்கம், அறையில் எரியும் விளக்கு மூன்றும் ஒத்துள்ளனவா எனப் பார்க்க வேண்டும். பழுதை பெரும்பாலும் செம்மஞ்சள் விளக்கு காட்டும். நிறத்தின் பொருள் உற்பத்தியாளருக்கேற்ப வேறுபடலாம். பல பெட்டிகளில் அறை இலக்கம் 0 இல் தொடங்குவதையும் மறவாதீர்கள். காப்புப் பிரதி உள்ளதா என்பதும் முன்கூட்டியே பார்க்கவேண்டியது.

நிலைமின் அடுத்த ஆபத்து. ஏறத்தாழ 3000 வோல்ற்றுக்குக் குறைந்த மின்னிறக்கத்தை நாம் உணர்வதில்லை. சில மின்னணுக் கூறுகளோ 100 வோல்ற்றிலும் குறைவாகவே பழுதடையும். இதனாலேயே புவியிணைப்புள்ள மணிக்கட்டுப் பட்டி அணியப்படுகின்றது.

மின்னை நிறுத்தாது மாற்றக்கூடிய பெட்டியாயின், தட்டைச் சிறிதளவு வெளியே இழுத்து, சுழற்சி நிற்கும் வரை ஏறத்தாழ 30 செக்கன் பொறுத்து, பின்னர் முழுமையாக எடுக்க வேண்டும். புதியது அதே வகை இடைமுகமும் சமமான அல்லது கூடிய கொள்ளளவும் உடையதாயிருத்தல் வேண்டும். அறையை நெடுநேரம் வெறுமையாக விட்டால் குளிரூட்டும் காற்றோட்டம் குழம்பும். மீளமைப்பு முடிய பல மணித்தியாலங்கள் ஆகலாம். அதுவரை வேறெத் தட்டையும் தொடலாகாது.

பயிற்சி வினா
இடமிருந்து வலமாக 0 – 5 என இலக்கமிடப்பட்ட ஆறு அறைகளில் றெயிட் 5 இயங்குகின்றது. "அறை 3 பழுது" என்ற செய்தியைக் கண்ட ஊழியர் இடமிருந்து மூன்றாவது தட்டை இழுத்தார். விளைவு யாது?

விடை: இழுக்கப்பட்டது அறை 2 இன் நல்ல தட்டு. இரு தட்டுகள் ஒரே நேரத்தில் இல்லாமற் போவதால் தொகுதி செயலிழக்கும்.