வந்தது வெளிநாட்டுப் பறவையா?

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் தவறாமல் வரும். மாடிப்படிக்குக் கீழேயோ கிணற்றடியிலோ ஒரு பறவை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். மைனா அளவு, குட்டை வால், பச்சை முதுகு, தோளில் பளிச்சென்ற நீலம், கண்ணின் குறுக்கே மை தீட்டியதுபோல் கறுப்புப் பட்டை, வாலடியில் ரத்தச் சிவப்பு. “எந்த நாட்டுப் பறவை இது? யாரோ வளர்த்தது தப்பி வந்துவிட்டதோ?” என்ற கேள்வியும் கூடவே வரும்.

அது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிற நம் பறவை. இரவில்தான் பறந்து வரும். விடியும் நேரத்தில் களைத்துப்போய், கிடைத்த இடத்தில் இறங்கிவிடும். சில பறவைகள் கண்ணாடிச் சன்னலில் மோதி விழும். தெம்பு வந்ததும் மரத்தடிச் சருகைக் கிளறிப் புழு பூச்சி தேடித் தத்தித் திரியும். விடிகாலையிலும் அந்தி சாயும்போதும் இரண்டு சுரத்தில் அது அடிக்கும் சீழ்க்கையை ஒருமுறை கேட்டுப் பழகிவிட்டால், பார்க்காமலே அது வந்திருப்பதைச் சொல்லிவிடலாம்.

வளர்ப்புப் பறவை என்று தப்பாக நினைப்பதில் பெரிய ஆபத்து இருக்கிறது. உடனே கூண்டு வாங்கி வந்து, தினையும் பழமும் வைத்துவிடுகிறார்கள். மண்ணில் புழு தின்று வாழும் பறவை தினையைத் தொடாது, பட்டினி கிடந்தே செத்துப்போகும். அதைப் பிடித்து வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, சத்தமில்லாத இருட்டறையில் சில மணி நேரம் விட்டுவிடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தெளிந்ததும் மரம் செடி உள்ள இடத்தில் பெட்டியைத் திறந்தால் போதும். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கூகைக்கும் இதே கதிதான். இதய வடிவ வெள்ளை முகத்தைப் பார்த்ததும் ‘அரிய வகை வெளிநாட்டு ஆந்தை’ என்று செய்தி வந்துவிடும். கோயில் கோபுரங்களிலும் பாழடைந்த கட்டடங்களிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து எலி பிடிப்பது அது. பகலில் வெளியே வந்தால் காக்கைகள் துரத்திக் கொத்துவதால்தான் முற்றத்தில் வந்து விழுகிறது.

“நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்”

முடியாது. முற்றத்துக்கு வரும் ‘புதுப் பறவை’களில் பெரும்பாலானவை நமக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான், வேறு வேடத்தில் வந்திருக்கும். குயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கூவும் ஆண்தான் கறுப்பு. பெண்ணோ பழுப்பு உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி, வயிற்றிலும் வாலிலும் வரிவரியாகக் கோடு. அது கூவுவதும் இல்லை. ‘கிக் கிக் கிக்’ என்று படபடப்பாகக் கத்தும். பப்பாளி மரத்தில் உட்கார்ந்து பழத்தைக் கொத்தும் அந்தப் புள்ளிப் பறவையைக் குயில் என்று சொன்னால் நம்ப மறுக்கிறவர்கள்தான் அதிகம். கண்ணைப் பாருங்கள்: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சிவப்பு.

ஊதாத் தேன்சிட்டின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் கருநீலமாக மினுங்கும். அது முடிந்ததும் பெண்ணைப் போல மஞ்சளாகி, தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்சும். அரசவால் ஈப்பிடிப்பானில் வெள்ளை ஆணும் உண்டு, செம்பழுப்பு ஆணும் உண்டு. இரண்டும் ஒரே இனம்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அளவு. சிட்டுக்குருவியை விடப் பெரிதா, மைனா அளவா, காக்கை அளவா? சாலிம் அலி 1941-இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் புத்தகத்தில் ஒவ்வொரு பறவையையும் இப்படித்தான் தெரிந்த பறவையோடு ஒப்பிட்டு அளவு சொல்லியிருப்பார். அடுத்து அலகு, வாலின் நீளம், தரையில் மேய்கிறதா கிளையில் தாவுகிறதா என்பது. நிறம் கடைசியில் வரட்டும்.

“செம்பருத்தியில் ஹம்மிங்பேர்ட் வந்தது”

அது அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே இயற்கையாக வாழும் குடும்பம். உங்கள் செம்பருத்தியில் தேன் குடித்தது தேன்சிட்டு. அந்தி நேரத்தில் காற்றில் நின்றபடி நீண்ட குழலைப் பூவுக்குள் விட்டது என்றால், பறவையே இல்லை. பருந்து அந்துப்பூச்சியாக இருக்கலாம்.

“கொண்டை உள்ளது மரங்கொத்தி”

புல்தரையில் விசிறிக் கொண்டையோடு நடந்து, வளைந்த அலகை மண்ணுக்குள் செருகிப் பூச்சி எடுப்பது கொண்டலாத்தி. மரங்கொத்தியின் அலகு உளியாக நேராக இருக்கும். அடிமரத்தைப் பற்றிக்கொண்டு செங்குத்தாக ஏறும்.

“செயலி சொன்னால் சரி”

கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியை நானும் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். ஆனால் அது தருவது யோசனைதான், தீர்ப்பு இல்லை. குரலை மட்டும் நம்பினால், வல்லூறு கத்துவதுபோலக் கத்திக் காட்டும் கரிச்சான் மனிதரையே ஏமாற்றிவிடும். செயலி சொல்லும் பறவை உங்கள் ஊரில், இந்த மாதத்தில் இருக்கக்கூடியதுதானா என்று இ-பேர்ட் தளத்தின் வரைபடத்தில் சரிபாருங்கள்.

படம் எடுப்பதற்குள் பறந்துவிட்டதா? அளவு, அலகு, இருந்த இடம், செய்த வேலை, தேதி ஆகியவற்றை அப்போதே எழுதி வைத்தால் அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலும் பெயர் சொல்லிவிடுவார்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு வாசலில் 15 நிமிடம் நின்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணி, இ-பேர்டில் பட்டியலாகப் பதிவேற்றினாலே அதில் சேர்ந்துவிடலாம்.